எல்லையோரத்துப் பார்வையாளர்: 2023இல் பார்த்த படங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றை எழுதுவோருக்கு ஒரு பழைய குறை உண்டு. படம் எடுத்தவரைப் பற்றிய சான்றுகள் உள்ளன; தணிக்கை செய்தவர், விளம்பரம் செய்தவர், விமர்சித்தவர் ஆகியோரைப் பற்றியும் உள்ளன. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, பார்த்துவிட்டு வெளியே வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனவரைப் பற்றி மட்டும் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

சான்று திரட்டும் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1927இல் காலனிய அரசு அமைத்த இந்தியத் திரைப்படக் குழு, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியாரின் தலைமையில் நாடெங்கும் சுற்றியது. 4325 வினாப்பட்டியல்களை அனுப்பி, 320 எழுத்துவழி விடைகளைப் பெற்று, 353 பேரை நேரில் விசாரித்தது. இந்தச் சாட்சியத் தொகுதிகள் நமக்கு இன்றும் பெருஞ்செல்வம். ஆனால் விடையளித்தவர்கள் யார்? அதிகாரிகள், வழக்கறிஞர்கள், கல்வியாளர்கள், விநியோகஸ்தர்கள், கொட்டகை உரிமையாளர்கள். திரைப்படமே பார்த்திராத காந்திக்கும் வினாப்பட்டியல் சென்றது. தரை வகுப்பில் உட்கார்ந்தவரைப் பற்றி எல்லாரும் கருத்துரைத்தார்கள். அவரிடம் கேட்டவர் அரிது.

பின்னர் வந்த இதழ் விமர்சனமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. ஆனந்த விகடனின் ‘ஆடல் பாடல்’ பகுதியில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் கல்கி எழுதியவை சுவையானவை, கூர்மையானவை. ஆயினும் அவை ஒரு தேர்ந்த ரசிகரின் தீர்ப்புகளே. பார்வையாளரை நேரில் சந்தித்து எழுதும் ஆய்வுமுறை தமிழ்ச் சூழலுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. மதுரை நகரத்து ஏழை மக்களிடையே களப்பணி செய்து சாரா டிக்கி எழுதிய நூல் வெளிவந்தது 1993இல்தான்.

இந்தக் குறையை மனத்தில் கொண்டு, 2023இல் திரையரங்கில் பார்த்த படங்களைப் பற்றி ஒவ்வொரு முறையும் சில வரிகள் எழுதிவைத்தேன். சீட்டையும் சேர்த்து வைத்தேன். வசிப்பது ஸ்ரீ சிட்டியில் என்பதால், பயிற்சியாகத் தொடங்கிய அந்தக் குறிப்பேடு மெல்ல எல்லையைப் பற்றிய ஆவணமாக மாறிவிட்டது.

இடத்தைப் பற்றிச் சொன்னால்தான் மேலே போக முடியும். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், மாநில எல்லையைத் தாண்டியவுடன் அமைந்திருக்கும் தொழில் நகரம் ஸ்ரீ சிட்டி. 2008இல் தொடங்கப்பட்டது. சென்னை மெட்ரோவின் பெட்டிகள் பலவும் இங்கே செய்யப்பட்டவை. இதன் நிலப்பரப்பு சித்தூர் மாவட்டத்தின் சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதிகளிலும் நெல்லூர் மாவட்டத்தின் தடாப் பகுதியிலும் பரவியிருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் எல்லாம் திருப்பதி மாவட்டம். இன்னும் பின்னே போனால், சத்தியவேடு ஆந்திரத்திலேயே இல்லை. படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, ஈடாகச் சென்ற செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்களில் சத்தியவேடும் ஒன்று. வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றித் தமிழில் நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அந்தக் கணக்கில் நாம் கொடுத்த ஊர்களைப் பற்றி எழுதியது குறைவு.

இனி, படங்கள்.

அந்த ஆண்டு ‘வாரிசு’, ‘துணிவு’ ஆகிய இரண்டுடனும் தொடங்கியது. இரண்டும் ஜனவரி 11. ‘துணிவு’ முதற்பாதியில் இருந்த வேகத்தை வங்கிகளைப் பற்றிய பாடமாக்கிக் கரைத்துவிட்டது. ‘வாரிசு’ எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மகன்களும் ஒரு மாளிகையும் கொண்ட அந்தக் கதையை இருமொழிகளிலும் பலமுறை பார்த்தாயிற்று. ஆயினும் வரலாற்று மாணவருக்கு அது முக்கியமான படம். இயக்குநர் வம்சி பைடிபல்லி, தயாரிப்பாளர் தில் ராஜு; இருவரும் தெலுங்குத் திரையுலகினர். எடுத்தது தமிழில். சங்கராந்தியில் ‘நேரடித் தெலுங்குப் படங்களுக்கே’ திரையரங்குகளில் முன்னுரிமை தர வேண்டும் என்று தெலுங்குத் தயாரிப்பாளர் மன்றம் 2022 நவம்பரில் கடிதம் வெளியிட்டது. தெலுங்கு வடிவமான ‘வாரசுடு’ மூன்று நாள் தள்ளி, ஜனவரி 14 அன்று வந்தது.

‘நேரடி’ என்ற அந்தச் சொல்லை வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடையளித்தார். அதை நாம் முதல் தமிழ்ப் பேசும்படம் என்கிறோம். அன்றைய பார்வையாளருக்கு அது எந்த மொழியின் ‘நேரடி’ப் படம்? 1955 பொங்கலுக்கு எல். வி. பிரசாத்தின் ‘மிஸ்ஸம்மா’ தெலுங்கிலும் ‘மிஸ்ஸியம்மா’ தமிழிலும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன. ஒன்றில் என். டி. ராமாராவ், மற்றதில் ஜெமினி கணேசன், இரண்டிலும் சாவித்திரி. 1957இல் ‘மாயாபஜார்’ மார்ச் 27இல் தெலுங்கிலும் ஏப்ரல் 12இல் தமிழிலும் வெளியாயிற்று. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாகியும், சென்னைப் படப்பிடிப்புக் கூடங்கள் இருமொழிப் படங்களை எடுப்பதை நிறுத்தவில்லை. எனவே 2022இன் கடிதம் பழைய மரபொன்றைக் காத்த கடிதம் அன்று. படங்கள் மீண்டும் எல்லை கடக்கத் தொடங்கிய காலத்தில், சந்தையைப் பிரிக்க எழுந்த புதிய கோரிக்கை அது.

பிப்ரவரியில் வந்த ‘வாத்தி’, தெலுங்கில் ‘சார்’, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெங்கி அட்லூரி இருமொழிகளிலும் சேர்த்தே எடுத்த படம்; தொண்ணூறுகளில் தனியார் கல்வி வணிகமாகிய கதை; களம் தமிழக–ஆந்திர எல்லையோரச் சிற்றூர். எல்லையோரம் என்பதால் இருமொழி ஊரை எதிர்பார்த்துப் போனேன். தமிழ் வடிவத்தில் அனைவரும் தமிழே பேசினர்! சத்தியவேட்டுச் சந்தையில் ஒரே வாக்கியத்துக்குள் இருமொழியும் புழங்குவதை ஒருமுறை கேட்டவர்களுக்கு, அந்தப் படத்தின் எல்லை இருமொழித் தயாரிப்பின் வசதிக்காக வரையப்பட்ட கோடு என்பது புரியும். கல்விக் கட்டணம் பற்றிய அதன் கோபம் மட்டும் உண்மையானது.

ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமென்று குறிப்பேட்டில் நான் எழுதியிருப்பது ‘விடுதலை’ முதற்பாகம். அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர்; சூரியின் தயங்கிய நடையை மட்டும் நினைவூட்டி நிறுத்துகிறேன். நான் அதிகம் எழுத விரும்புவது ‘பலகம்’ பற்றி. மார்ச்சில் வந்த தெலுங்குப் படம், இயக்கம் வேணு எல்தண்டி. இறந்த முதியவருக்குப் படைத்த சோற்றைக் காகம் தொட மறுக்கிறது, குடும்பம் கலங்குகிறது. தெலங்கானா வட்டார வழக்கில் அமைந்த அதன் உரையாடல், சத்தியவேட்டுத் தெலுங்கு பேசும் நண்பர் ஒருவருக்கே சில இடங்களில் பிடிபடவில்லை. என் தெலுங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் காகம் வராத அமைதியை இருவரும் ஒரே வகையில் புரிந்துகொண்டோம். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மொழியைக் கொண்டு பார்வையாளரை வகைப்படுத்தும் நம் அட்டவணைகளில் இந்த அனுபவத்துக்கு எந்தக் கட்டம்?

ஏப்ரல் 28 அன்று வந்த ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தைச் சூலூர்பேட்டையில் பார்த்தேன். ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி நிலையத்தைச் சார்ந்து வளர்ந்த ஊர் அது. 2019 ஆகஸ்டில் ‘சாஹோ’ படத்துடன் அங்கே திறக்கப்பட்ட வி எபிக் அரங்கின் திரை 100 அடி அகலம், 54 அடி உயரம். கல்கியின் நாவலை வாசித்தவருக்கு இரண்டாம் பாகத்தின் முடிவு உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஆதித்த கரிகாலனும் நந்தினியும் சந்திக்கும் காட்சி அந்தத் திரையில் பெற்ற வலிமையையும் மறுக்க மாட்டேன்.

சென்னையிலிருந்து அந்த அரங்குக்கு வருவோர் முன்பே உண்டு. 2023இல் அந்தப் பயணத்துக்குப் புதியதொரு காரணம் சேர்ந்தது. ஜனவரி 11 அதிகாலை, ‘துணிவு’ முதற்காட்சிக் கொண்டாட்டத்தில், மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த லாரியின்மேல் ஏறி ஆடிய 19 வயது இளைஞர் ஒருவர் சென்னையில் தவறி விழுந்து இறந்தார். அதன்பின் தமிழகத்தில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை. ஆகஸ்ட் 10இல் ‘ஜெயிலர்’ தமிழகத்தில் காலை 9 மணிக்கே தொடங்கியது. அண்டை மாநிலங்களில் அதற்கு முன்பே. அக்டோபர் 19இல் ‘லியோ’வுக்கு 4 மணிக் காட்சி கோரித் தயாரிப்பாளர் உயர்நீதிமன்றம் சென்றும், முடிவு அரசிடமே விடப்பட்டது, அரசு 9 மணியில் நின்றது. ஓர் உயிர் போனபின் எடுக்கப்பட்ட முடிவைப் பிழையென்று நான் கருதவில்லை. அந்த முடிவு எல்லைக்கு வேறொரு பொருளைத் தந்தது என்பதே நான் சொல்ல வருவது. 1960இல் மொழிக் கணக்குக்காக நகர்த்தப்பட்ட கோடு, 2023இல் கடிகாரத்தைப் பிரிக்கும் கோடாயிற்று.

‘ஜெயிலர்’ பற்றி என் குறிப்பு: மோகன்லால், சிவராஜ்குமார், ஜாக்கி ஷெராஃப் ஆகியோரின் வருகைகள் கதைக்கு வேண்டியவை அல்ல, மாநிலவாரி விற்பனை வரைபடம் அவை. ஆனால் சுனில் தோன்றியதும் அரங்கின் ஒரு பாதி எழுப்பிய சிரிப்பு மற்றப் பாதிக்குச் சற்றுத் தாமதமாகவே தொற்றியது. எவர் தெலுங்குப் படங்களில் வளர்ந்தவர், எவர் இல்லை என்பதை எந்தக் கணக்கெடுப்பும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியிராது. ‘லியோ’ பனிமலை ஊரில் இருந்தவரை நன்று. பின்கதை வந்ததும் சரிந்தது. அதே நாளில் வெளியான பாலகிருஷ்ணாவின் ‘பகவந்த் கேசரி’க்கும் இங்கே நல்ல கூட்டம். ஸ்ரீ சிட்டித் தொழிலாளரிடம் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், மொழியைச் சொல்லுமுன் பணிமுறை நேரத்தைச் சொல்கிறார்கள். இரவுப் பணி முடித்தவருக்குக் காலைக் காட்சி. விடுதிப் பேருந்து கிடைக்கும் நாளில் மாலைக் காட்சி. ரசிகர் மன்றத்தையும் மொழியுணர்வையும் மையமாக்கி எழுதப்பட்ட நம் ஆய்வுகளில், என் ஆய்வேட்டு வரைவையும் சேர்த்தே சொல்கிறேன், பேருந்து நேரத்துக்கு இடமில்லை.

இந்த இடத்தில் ஒரு கோரிக்கை. ‘மிஸ்ஸியம்மா’ வந்தபோது சத்தியவேடு செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். அன்று பத்து வயதிலிருந்தோர் இன்று எண்பதை எட்டியிருப்பார்கள். சத்தியவேடு, நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, திருத்தணிப் பக்கத்து மாணவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எந்தக் கொட்டகைக்குப் போனீர்கள்? ராமாராவைப் பார்த்தீர்களா, ஜெமினி கணேசனையா? 1960க்குப் பிறகு போகும் கொட்டகை மாறியதா? மூன்றாவது கேள்விக்கு வரும் விடையை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். என் 2023 சீட்டுகள் வெப்ப அச்சுத் தாளில் வந்தவை. ஜனவரிச் சீட்டில் இப்போது இருக்கை எண்கூடத் தெளிவாகத் தெரியவில்லை.