துண்டு முதல் கடன் அறிக்கை வரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை மலைத்தோட்டங்களில் 'துண்டு' என்றொரு தாள் புழங்கி வந்தது. தோட்டத்துத் துரை எழுதித் தரும் சிறு சீட்டு அது. இன்ன கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அத்தொகையைச் செலுத்துவோருக்கு அவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். கங்காணி அச்சீட்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் செல்வான். ஆள் தேவைப்பட்ட துரை பணத்தைக் கட்டுவார். கூட்டம் மூட்டை முடிச்சுடன் அடுத்த மலைக்கு நகரும். கடன் மட்டும் தீராது, புதிய தோட்டத்தின் பேரேட்டில் ஏறிக்கொள்ளும். நகர்வதற்கு முன் சில்லறையாக இன்னும் கொஞ்சம் சேர்த்தெழுதுவதும் கங்காணிகளுக்குக் கைவந்த கலை. யாருடைய கடனோ அவனுக்குத் துண்டை வாசிக்கத் தெரியாது என்பதுதான் இவ்வேற்பாட்டின் அச்சாணி.

நீலகிரியில் இத்தாள் இவ்வடிவில் இருந்ததாகச் சொல்ல வரவில்லை. ஆனால் இங்கும் மேஸ்திரியின் முன்பணமே ஆளை மலையேற்றியது. கோயம்புத்தூர், சேலம், மைசூர்ப் பகுதிகளின் பஞ்சம் பாதித்த ஊர்களில் கொடுக்கப்பட்ட அப்பணம் தோட்டத்துக் கணக்கில் அவன் பெயரில் நின்றது. வாரந்தோறும் கையில் கிடைத்தது செலவுக்காசு மட்டும். முழுக் கணக்கு ஒப்பந்தக் காலம் முடிந்தபின் பார்க்கப்பட்டது. இடையில் எத்தனை நாள் பேர் விழுந்தது, எத்தனை நாள் அரைப்பேர், கம்பளிக்கு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு என்பதெல்லாம் மேஸ்திரி சொன்னால் உண்டு.

கணக்குக்குப் பின்னால் சட்டம் நின்றது. 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் பெற்று வேலையை விட்டுச் சென்றவனைப் பற்றி முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ உத்தரவாகும். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. 1903-இல் சென்னை மாகாணம் தோட்ட முதலாளிகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்றிக் கொடுத்தது. பழைய சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிவில் கடன் ஒன்று கிரிமினல் குற்றமாக அறுபதாண்டுகளுக்கு மேல் நடமாடியிருக்கிறது என்பதை நம் வரலாற்றுப் பாடநூல்கள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. பி.எச். டேனியல் என்ற மருத்துவர் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' நாவலை வாசித்தவர்களுக்கு, ஆனைமலைத் தோட்டங்களில் இக்கணக்கு எப்படி மனிதரைத் தின்றது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் 1921-ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் தாள்களின் ஆட்சி ஒழிந்துவிடவில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்றது. வந்தவர்களில் பெருந்தொகையினர் நீலகிரிக்கே வந்து சேர்ந்தனர். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி எங்கும் அவர்களுடைய லயங்கள் உள்ளன. 1968-இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி 1976-இல் தனிக் கழகமான டான்டீயில் பலருக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு குடும்பத்தின் டிரங்குப் பெட்டியிலும் மண்டபம் முகாமின் குடும்ப அட்டை இருக்கும். என்ன உதவி பெற்றார்கள், எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது நம் மாணவி ஒருத்தியின் கல்விக் கடன் விண்ணப்பம். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிலாளியின் மகள். தந்தையின் 'சிபில்' சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன சரியில்லை என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்கலாம் என்பதே தெரியாது. முதுகலை படித்த நமக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

சிபில் நிறுவனம் 2000-இல் தோன்றியது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் வந்தது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணும் இடுகின்றன. நகைக்கடன், மகளிர் குழுவழி வாங்கிய சிறுகடன், பிறருக்கு நாம் போட்ட ஜாமீன் கையெழுத்து யாவும் அதில் ஏறக்கூடும். துண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது: யாரைப் பற்றிய அறிக்கையோ அவர் அதைக் கேட்டுப் பெறலாம். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. குறையும் என்ற அச்சம் படித்தவர்களிடமே மிகுதி.

அம்மாணவியின் தந்தையுடைய அறிக்கையை வருவித்துப் பார்த்தோம். சமவெளி நகரொன்றில் அவர் பெயரில் இருசக்கர வாகனக் கடன் ஒன்று, பல மாதத் தவணை பாக்கியுடன் நின்றது. அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒன்றாயிருந்த வேறொருவரின் கடன். நம்மவர்களின் முதலெழுத்து வழக்கம் இத்தகைய குழப்பத்துக்கு மிகவும் வசதியானது! அறிக்கை வைத்திருக்கும் நிறுவனம் தானாக எதையும் திருத்திவிடாது. நாம் முறையிட்டால், கடன் தந்த நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மாற்றும். முப்பது நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் முறையிட்டவருக்குத் தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த 100 ரூபாய்க்கு அவசியம் நேரவில்லை. இருபத்து நான்காம் நாள் அப்பதிவு நீங்கிற்று.

திருத்திய அறிக்கையை அச்செடுத்துக் கொடுக்க லயத்துக்குச் சென்றிருந்தோம். மாணவியின் பாட்டி, பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து எழுபதுகளில் கப்பலேறியவர், தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேத்தியிடம் கேட்டார்: "துண்டுல நம்ம பேருல எவ்வளவு போட்டிருக்கானாம்?"

அவள் எழுத்துக்கூட்டாமல் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். வாசித்து முடிந்ததும் பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து, மண்டபத்து அட்டையின் அடியில் அதை வைத்து மூடினார்.