லெங்குவா கிராமத்துத் தாளம்

‘ஹூ லெட் த டாக்ஸ் அவுட்’ பாட்டைக் கேட்காதவர் அரிது. 2000-இல் பஹாமாஸ் நாட்டின் பஹா மென் குழு பாடி, உலகெங்கும் விளையாட்டு மைதானங்களில் அலறவிட்ட பாட்டு. ஆனால் அது அவர்களுடைய சொந்தச் சரக்கு இல்லை. டிரினிடாட்டைச் சேர்ந்த ஆன்ஸ்லம் டக்ளஸ் இரண்டு வருஷம் முன்னதாகவே அதைப் பாடியிருந்தார். அது சோகா என்ற வகை இசை. கரீபியத் தீவுகளின் ஆப்பிரிக்க வம்சாவளியினர் உலகுக்குக் கொடுத்த ஆட்டப் பாட்டு என்றுதான் சோகாவை எல்லோரும் அறிவார்கள். அந்தத் துள்ளலுக்குள் ஒரு டோலக் ஒளிந்திருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதையின் தொடக்கத்தில் கரும்பு நிற்கிறது.

பிரிட்டிஷ் பேரரசு 1834-இல் அடிமை முறையை ஒழித்தது. 1838-இல் ஆப்பிரிக்கர்கள் முழு விடுதலை பெற்றார்கள். சாட்டையடி வாங்கிய தோட்டத்துக்கு அதே அற்பக் கூலிக்குத் திரும்பிப் போக யாருக்கு மனம் வரும்? முதலாளிகள் கிழக்கே பார்த்தார்கள். 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து டிரினிடாட் வந்து நங்கூரம் போட்டது. 1917 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறத்தாழ 1,44,000 பேர். பெரும்பாலோர் போஜ்பூரி பேசும் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேச மக்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. ‘மதராசி’ என்று அழைக்கப்பட்ட அவர்களால்தான் அந்தத் தீவின் அம்மன் வழிபாட்டில் தப்பு ஒலித்தது.

வந்தவர்கள் வாத்தியங்களை அங்கே கிடைத்த பொருள்களைக் கொண்டே செய்துகொண்டார்கள். மண்சட்டியில் ஆட்டுத்தோலைக் கட்டி, நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றினால் தாஸா. நீண்ட இரும்புக் கம்பியை நிறுத்தி, லாடம் போல் வளைத்த துண்டால் தட்டினால் தந்தால். மொஹரம் ஊர்வலத்தை அங்கே ‘ஹோசே’ என்பார்கள். அதில் தாஸா முழங்கும்போது இந்துக்களும் கூட நடந்தார்கள், ஆப்பிரிக்கர்களும் நடந்தார்கள்.

1884-ஆம் ஆண்டை மறக்கவே கூடாது. கார்னிவல் என்ற தெருத் திருவிழாவில் ஆப்பிரிக்கர்கள் முரசு அடிப்பதை அரசு அந்த ஆண்டு சட்டம் போட்டு ஒடுக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று, தடையை மீறி சான் ஃபெர்னாண்டோ நகருக்குள் வந்த ஹோசே ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். இரண்டு இனத்தாரின் தோல் கருவிகளையும் ஒரே ஆண்டில் ஒரே அதிகாரம் கண்டு பயந்திருக்கிறது. முரசு போனதும் ஆப்பிரிக்கர்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930-களில் பிஸ்கட் டப்பாவும் குப்பைத்தொட்டி மூடியும் மூங்கிலோடு சேர்ந்தன. பிறகு எண்ணெய் பீப்பாய்களின் அடிப்பாகத்தைத் தட்டிக் குழித்து, சுருதி கூட்டினார்கள். ஸ்டீல்பான் என்று இன்று உலகம் கொண்டாடும் வாத்தியம் அப்படி ஒரு தடையின் பேரன்.

தெற்கு டிரினிடாட்டில் கரும்புக்காடுகளுக்கு நடுவே லெங்குவா என்ற கிராமம். அக்கம்பக்கம் பெரும்பாலும் இந்தியர்கள். அங்கே 1941-இல் பிறந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பையன் கார்ஃபீல்டு பிளாக்மன். பக்கத்து வீட்டுக் கல்யாணத்து டோலக்கும் தந்தாலும் அவனுக்கு அந்நியமே இல்லை. ஆறடியைத் தாண்டி வளர்ந்தவர், மேடைக்கு லார்டு ஷார்ட்டி ஆனார். தீவின் ஆப்பிரிக்கர்கள் வளர்த்த பாட்டு வகையான கலிப்சோவில் பாடகராகப் பெயரும் எடுத்தார். எழுபதுகளில் ஜமைக்காவின் ரெகே எங்கும் பரவியபோது, கலிப்சோ செத்துக்கொண்டிருக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. அதைக் காப்பாற்றும் மருந்து பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று ஷார்ட்டி நம்பினார்.

1973-இல் ‘இந்திராணி’ பாட்டில் இந்தியத் தாளத்தையும் வாத்தியங்களையும் வெளிப்படையாகக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் அடி விழுந்தது. கலிப்சோவைக் கெடுக்கிறான் என்றார்கள் கலிப்சோக்காரர்கள். பாட்டில் வரும் இந்தியப் பெண்ணைச் சித்தரித்த விதம் இந்தியர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஷார்ட்டி அடுத்துச் செய்ததுதான் இந்தக் கதையின் உச்சம். இந்திய வாத்தியங்களை எடுத்துவிட்டு, தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டார். டோலக் வாசித்ததை டிரம் செட்டுக்கும் கிடாருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார். 1974-இல் வந்த ‘எண்ட்லெஸ் வைப்ரேஷன்ஸ்’ ஊரையே ஆட வைத்தது; சோகா பிறந்தது அப்படித்தான். முந்தின ஆண்டு கத்தியவர்களும் ஆடினார்கள். பிறகு ஷார்ட்டி ராஸ்தஃபாரி என்ற ஜமைக்க ஆன்மிக நெறியில் இறங்கி, பெரிய குடும்பத்தோடு பிபாரோ காட்டுக்குக் குடிபோய், பக்திப் பாட்டுக்குத் திரும்பினார். அவர் கண்டுபிடித்த சோகா அதற்குள் கைமாறிப் போயிருந்தது.

லெங்குவாவை அடுத்த பாரக்பூர்ப் பகுதிக்காரர் சுந்தர் போப்போ. அப்பா தாஸா வாசிப்பவர், அம்மா பாடகி. ஷார்ட்டிக்குச் சற்று முன்பே, 1969 வாக்கில், ‘நானா அண்ட் நானி’ என்று இந்தியையும் தீவின் ஆங்கிலத்தையும் கலந்து, எலெக்ட்ரிக் கிடாரோடு பாடி, சட்னி என்ற இசைக்கு வழி போட்டார். அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் இருவர், ஒருவர் இங்கிருந்தும் மற்றவர் அங்கிருந்தும் ஒரே வேலியைத் தாண்டியிருக்கிறார்கள். இருவரும் இறந்ததும் ஒரே ஆண்டில், 2000-இல்.

இனி நகலெடுத்தவர்கள் காலம். மான்செராட் என்ற குட்டித் தீவின் ஆரோ 1982-இல் ‘ஹாட் ஹாட் ஹாட்’ என்ற சோகாவைப் பாடினார். 1987-இல் அமெரிக்கப் பாடகர் பஸ்டர் பாயின்டெக்ஸ்டர் அதையே பாடி அமெரிக்காவின் விருந்துக் கூடங்களில் நிரந்தரமாக்கினார். அதற்கும் முன்பே மும்பையில் பாப்லாவும் அவர் மனைவி காஞ்சனும் அதை ‘குச் கட்பட் ஹை’ என்று இந்தியாக்கிவிட்டார்கள். பாப்லா, இசையமைப்பாளர்கள் கல்யாண்ஜி-ஆனந்த்ஜியின் தம்பி. சுந்தர் போப்போவின் பாட்டுகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நம் தாளம் கடல் கடந்து, ஆப்பிரிக்கக் கைகளில் உருமாறித் திரும்பியதை இங்கே புது மேல்நாட்டுச் சரக்காக வாங்கினோம்.

சட்னியின் உண்மையான ஊற்று பெண்களிடம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய ‘மட்கோர்’ இரவில், ஆண்கள் இல்லாத இடத்தில், கூச்சமற்ற பாட்டும் ஆட்டமுமாக அவர்கள் காத்து வந்தது அது. 1987-இல் துருபதி ராம்குணை ‘சட்னி சோகா’ என்ற பாட்டோடு கார்னிவல் மேடைக்கே வந்துவிட்டார். ஓர் இந்துப் பெண் இப்படி ஆடலாமா என்று சமூகப் பெரியவர்கள் கண்டித்தார்கள். அடுத்த ஆண்டே தாஸாவைப் பற்றி அவர் பாடிய ‘ரோல் அப் த தாஸா’ இரண்டு இனத்தாரின் வாயிலும் புகுந்தது. பெரியவர்களின் கண்டனங்களைவிட அந்தத் துணிச்சல்தான் நீடித்தது என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. 1996-இல் சட்னி சோகாவுக்கென்றே தனிப் போட்டி தொடங்கியது. 2000-இல் ஆப்பிரிக்க வம்சாவளி நட்சத்திரம் மச்சேல் மொன்டானோ துருபதியை அழைத்து ‘ரியல் யூனிட்டி’ பாட்டை இணைந்து பாடினார்.

2012-இல் அனுராக் காஷ்யப்பின் ‘கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்’ படத்துக்கு இசையமைத்த ஸ்நேகா கான்வல்கர், பீகார்ப் பாடல்களைத் தேடி பீகாருக்குப் போனதோடு நிற்காமல் டிரினிடாட்டுக்கும் போனார். ‘ஹண்டர்’ பாட்டைத் தீவுக்காரர் வேதேஷ் சூக்கு பாடினார். படம் நடக்கும் வாஸேபூர் இருப்பது தன்பாத்தில், சோட்டா நாக்பூர்ப் பீடபூமியில். கரும்புத் தோட்டங்களுக்கான தொடக்க காலக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களில் அந்தப் பீடபூமியின் மக்களும் இருந்தார்கள்.