சப்பாத்துக் கடையிலிருந்து கல்லூரிக்கு: வில்லியம் கேரியும் பக்கத்தில் நின்றவர்களும்

வெளிநாட்டுக்குப் போனவர்களின் கதை எண்டால் எங்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் இறங்குமுகம்தான். இங்கே வாத்தியாராக இருந்தவர் அங்கே போய்க் கோப்பை கழுவுவார். எஞ்சினியர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்வார். கைத்தொழில்காரர் ஒருவர் கடல் கடந்து போய்ப் பேராசிரியரான கதை குறைவு. அப்படியொன்று 1793இல் தொடங்கியது. ஆனால் பயணம் எந்தத் திசையில் எண்டு கவனியுங்கள்: இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு.

வில்லியம் கேரி 1761இல் நோர்த்தாம்ப்டன்சயரில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் நெசவாளி, பிறகு கிராமப் பள்ளி ஆசிரியர். 14 வயதில் கேரியைச் சப்பாத்துத் தைக்கிற ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். அந்தக் கடையில் கிடந்த ஒரு வேதாகம விளக்கநூலில் கிரேக்க எழுத்துகளைக் கண்டு, அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டு, கொஞ்சம் படித்த ஒரு நெசவாளியிடம் போய்க் கேட்டிருக்கிறார். படிப்பு அப்படித்தான் தொடங்கியது. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் தோல் வெட்டுகிற மேசைக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தன.

இவ்வளவு மூளை இருந்தும் ஏன் பல்கலைக்கழகம் போகவில்லை எண்டு கேட்கலாம். காசு ஒரு காரணம். மற்றது, அவர் பப்டிஸ்ட். இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்காதவர்களுக்கு ஒக்ஸ்போர்டில் சேரவே முடியாது, கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதுதான் நிலைமை. ஆக, ஊரிலேயே இருந்திருந்தால் அவர் கூடினால் ஒரு கிராமப் போதகர், அவ்வளவுதான்.

மதம் பரப்பத்தான் 1793இல் கப்பல் ஏறினார். முதலில் அவுரித் தொழிற்சாலையொன்றில் மேலாளர் வேலை. 1800இல் டென்மார்க்கின் கையில் இருந்த செராம்பூருக்கு மாறினார். அதே வருடம் வெல்லெஸ்லி, கிழக்கிந்தியக் கம்பனியின் இளம் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழிகள் படிப்பிக்க கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியைத் தொடங்கினார். வங்காளி படிப்பிக்க ஆள் வேணும். 1801இல் கேரி சேர்ந்தார், மாதம் 500 ரூபாய். திருச்சபைக்காரர் இல்லாததால் முதலில் 'ஆசிரியர்' என்ற பதவிதான். 1807இல் பேராசிரியர், சம்பளம் 1000. சம்பளத்தின் பெரும்பகுதியை மிஷனுக்கே கொடுத்துவிட்டார், அதையும் சொல்லவேணும். வங்காளி இலக்கணம் 1801இல் வந்தது, சமஸ்கிருத இலக்கணம் 1806இல். வங்காளி அகராதி முடிய 1825 ஆகிவிட்டது.

வழக்கமாக இந்தக் கதையை இங்கே நிறுத்திக் கைதட்டுவார்கள். எனக்குச் சுவாரசியமானது இதற்குப் பிறகுதான்.

அவருக்குக் கீழே வேலை செய்த தலைமைப் பண்டிதர் மிருத்யுஞ்சய் வித்யாலங்கார். பிராமணர், பெரிய சமஸ்கிருத அறிஞர். சம்பளம் 200 ரூபாய். ராம்ராம் பாசு 40 ரூபாய்க்கு வேலை செய்தார். 1801இலேயே வங்காளி உரைநடையில் ஒரு வரலாற்று நூல் எழுதி அச்சிட்டவர் அவர். தோல் வேலை செய்தவரைத் தொடவே கூடாது எண்டிருந்த சமூகத்தில், ஒரு சப்பாத்துக்காரருக்குக் கீழே பிராமணர்கள் சம்பளம் வாங்கினார்கள்! சாதி உடைந்துவிட்டது எண்டு சந்தோசப்படத் தேவையில்லை. அதே வேலை செய்த ஒரு வங்காளிக்கு அந்தக் கல்லூரிக்குள் கால் வைக்கவும் இடம் கிடைத்திருக்காது. கேரிக்கு வழி விட்டது வெள்ளைத் தோலும் கம்பனியின் அதிகாரமும். அவருடைய சொந்த நாட்டிலோ பழைய தொழிலை ஒருத்தரும் மறக்கவில்லை. 'எடின்பரோ ரிவியூ'வில் சிட்னி ஸ்மித் இந்த மிஷனரிகளைச் செருப்புத் தைக்கிறவர்கள் என்றே நக்கலடித்தார்.

1801இல் வந்த 'கதோபகதன்' என்ற உரையாடல் நூலை எடுங்கள். சந்தைப் பேச்சு, பெண்கள் சண்டை பிடிக்கிற பேச்சு எல்லாம் அதில் இருக்கு. வந்து எட்டு வருடமான ஒரு வெளிநாட்டுக்காரர் தனிய எழுதக்கூடியதில்லை. உள்ளூர் ஆட்களைக் கொண்டு எழுதுவித்ததாக முன்னுரையில் கேரியே சொல்கிறார். பெயர்கள் மட்டும் இல்லை.

இன்னொருவர் டொரத்தி, கேரியின் மனைவி. கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகப் புள்ளடி போட்டவர். வர விருப்பமில்லாமல் வந்தவர். 1794இல் ஐந்து வயது மகன் இறந்துபோக, அவருடைய மனநிலை குலைந்தது. 1807 வரை அப்படியே வாழ்ந்து இறந்தார். கேரி பேராசிரியரானதும் அதே வருடம்தான்.

பஞ்சானன் கர்மகார் வேறு வகை. அவரும் கேரியைப் போலக் கைத்தொழில்காரர். கொல்லர் குடும்பம். 1778இல் ஹால்ஹெட்டின் வங்காளி இலக்கணத்துக்கு வில்கின்ஸோடு சேர்ந்து எழுத்தச்சு வெட்டியவர், பிறகு செராம்பூர் அச்சகத்துக்கு வந்தார். அவர் இறந்த பின் மருமகன் மனோகர் அந்த வேலையைத் தொடர்ந்தார். கேரியின் இலக்கணமும் அகராதியும் இவர்கள் வெட்டிய எழுத்தில்தான் அச்சேறின. இவர்களுக்குப் பட்டம் ஒன்றும் வரவில்லை. கேரிக்கு 1807இல் அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

1812 மார்ச் 11 இரவு செராம்பூர் அச்சகம் தீப்பிடித்தது. கேரி பல வருடமாகத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப்பிரதி எரிந்துபோனது. அதை அவர் திரும்ப முழுதாக எழுதவேயில்லை. ஈய எழுத்துகளும் உருகிவிட்டன. ஆனால் கொல்லர்கள் வெட்டிய மூல அச்சுகள் சாம்பலுக்குள் தப்பிக் கிடந்தன. உருகின உலோகத்தைத் திரட்டி, அவற்றைக் கொண்டே எழுத்துகளைத் திரும்ப வார்த்தார்கள். சில கிழமைகளில் அச்சகம் மறுபடி ஓடத் தொடங்கியது.