ஒரு வாரம் பேசிய பிலடெல்பியா

பேச்சால் என்ன ஆகிவிடப் போகிறது என்று பலர் கேட்பதுண்டு. 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் இதற்கு ஒரு பதில் சொன்னது.

1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கசிவு. அதே ஆண்டு செனட்டர் கேலார்ட் நெல்சன் ஒரு யோசனை சொன்னார். வியட்நாம் போரை எதிர்த்துப் பல்கலைக்கழகங்களில் நடந்த விவாதக் கூட்டங்களைப் போல, சுற்றுச்சூழலுக்காகவும் நாடெங்கும் ஒரு நாள் நடத்தலாம் என்றார். 1970 ஏப்ரல் 22-ல் வந்த முதல் புவி நாள் அதுதான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு நாள் போதவில்லை! ஏப்ரல் 16 முதல் 22 வரை ஒரு வாரம் என்று திட்டமிட்டார்கள். ஒரே துறையினரை மட்டும் அழைக்கவில்லை. நில வடிவமைப்புப் பேராசிரியர் இயன் மக்ஹார்க், நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் வால்ட், நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடர், கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் எல்லோரும் பட்டியலில் இருந்தார்கள். கடைசி நாள் ஃபேர்மவுண்ட் பூங்காவில் செனட்டர் எட்மண்ட் மஸ்கி பேசினார்.

மஸ்கிதான் காற்று, நீர் மாசு பற்றிய செனட் துணைக்குழுவின் தலைவர். அவர் முன்நின்று கொண்டுவந்த தூய காற்றுச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் கையெழுத்தானது. ஒரு கூட்டத்தால் மட்டும் வந்த சட்டம் அல்ல அது. ஆனால் மக்கள் கேட்கிறார்கள் என்பதை அவர் நேரில் பார்த்திருந்தார்.

ஒரு நகரம் பேச்சாளர் பட்டியல் போடும்போது, விஷயம் தெரிந்தவரோடு முடிவெடுப்பவரையும் மேடையேற்ற வேண்டும்.