தளவானூர்ப் போத்தரையனும் வல்லத்துப் போத்தரெசரும்: மகேந்திரன் பட்டங்களின் மொழி குறித்து

முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் தெலுங்குச் சொற்கள் மிகுதி; ஆகவே அவன் இளமையில் கிருஷ்ணைக் கரையில் வாழ்ந்திருக்க வேண்டும்; அங்குள்ள உண்டவல்லிக் குடைவரைகளைக் கண்டே தமிழ்நாட்டில் பாறை குடையத் தொடங்கினான். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் 1916 முதல் வெளியிட்ட பல்லவர் ஆய்வுகளில் முன்வைத்த இக்கருத்து, நூறாண்டு கடந்தும் பாடநூல்களில் உலவுகிறது. ஊர் ஊராக நடந்து பல்லவர் சின்னங்களைப் பதிவு செய்த அவரது உழைப்புக்கு நாம் அனைவரும் கடன்பட்டவர்கள். ஆனால் இந்த வாதத்தின் முதற்கண்ணியாகிய பட்டங்களின் மொழி, அவர் ஏற்றிய சுமையைத் தாங்காது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

துப்ரேயின் வாதத்தில் மூன்று படிகள் உள்ளன. பட்டம் தெலுங்கு, தெலுங்கானால் தெலுங்கு நாட்டு வாழ்க்கை, வாழ்க்கையானால் கலையும் அங்கிருந்தே. மூன்றாம் படிக்கு உண்டவல்லி மகேந்திரனுக்கு முந்தியதாக வேண்டும்; அதன் காலமோ இன்றும் விவாதத்தில் உள்ளது. இரண்டாம் படி ஊகம். எனவே முழுப் பளுவும் முதற்படியின் மேல் விழுகிறது.

அவ்வாதத்துக்கு ஏற்ற சான்று ‘பகாப்பிடுகு’ என்னும் பட்டம். பிடுகு என்றால் இடி. தெலுங்கில் இன்றும் வழங்கும் சொல். ஆனால் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் அது நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது. திருவெள்ளறையில் தந்திவர்மன் காலத்தில் வெட்டிய கிணற்றின் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. முத்தரையருள் ஒருவன் பெரும்பிடுகு. இவர்களெல்லாம் கிருஷ்ணைக் கரையில் வளர்ந்தவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. முன்பாதியான ‘பகா’ இன்னும் முக்கியமானது. ‘பிளக்க முடியாத’ என்னும் பொருளில் நிற்கும் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; அதன்பின் வல்லெழுத்து மிகுந்து ‘ப்பி’ என வருவது தமிழ்ப் புணர்ச்சி. பிற்கால இலக்கியத் தெலுங்கில் எதிர்மறைப் பெயரெச்சம் ‘னி’ ஈறு பெறும். சொல் எங்கிருந்து வந்திருந்தாலும் அதைக் கட்டிய கை தமிழ்க் கை. ‘சித்திரகாரப்புலி’யும் அப்படியே: புலி இரு மொழிக்கும் பொது, இடையிலுள்ள ஒற்று தமிழுடையது.

துப்ரேய்க்குச் சாதகமான சான்றையும் மறைக்கக் கூடாது. செங்கல்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரையில் மன்னன் ‘மயேந்திரப் போத்தரெசரு’. அதைச் செய்வித்த கந்தசேனனின் தந்தை ‘வயந்தப்பிரி அரெசரு’. தமிழ் எழுத்தில் பொறித்த தமிழ்ச் சாசனத்தில் ‘அரசர்’ என்பது ‘அரெசரு’ ஆனது ஏன்? ஒரே சாசனத்தில் இருமுறை வருவதால் கல்தச்சனின் பிழை என்று தள்ள இயலாது. வடபுலத்துச் சாயல் இதில் உண்டு என்பதை ஒப்புகிறேன். ஆனால் உயர்வுப்பன்மை ‘அரு’ ஈற்றோடு நிற்கும் இவ்வடிவம் தெலுங்கைவிடக் கன்னடத்து ‘அரசரு’வுக்கே நெருங்கியது. அயல்மொழியைத் தேடினால்கூட வழி மேற்கே திரும்புகிறது, உண்டவல்லிக்குப் போகவில்லை. மெய்யீற்றின் பின் உகரம் சேர்த்து ஒலித்த வட்டார வழக்காகவும் இது இருக்கலாம். இரண்டில் எது என்று தீர்க்க ஒரு சாசனம் போதாது.

இப்பின்னணியில்தான் செஞ்சி வட்டாரத்துத் தளவானூர் முதன்மை பெறுகிறது. பஞ்சபாண்டவமலையில், மகேந்திரன் குடைவித்த, முகப்பில் மகரதோரணம் கொண்ட சத்துருமல்லேசுவராலயத்தில், வடமொழிச் செய்யுள் ஒன்றும் தமிழ் வெண்பா ஒன்றும் உள்ளன. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்வதால் ஒன்றை மற்றதன் மொழிபெயர்ப்பாகக் கருதிக் கடந்துவிடுவது வழக்கம். நிறுத்திப் படித்தால் வேறுபாடு தெரியும். வடமொழிச் செய்யுள் ‘இம்மலையில்’ என்பதோடு நிற்க, வெண்பா வெண்பேட்டின் தென்பால் என்று ஊரைச் சொல்கிறது. வடமொழியில் இல்லாத தொண்டைமாலையைத் தமிழ்ப்புலவன் வேந்தனுக்குச் சூட்டுகிறான். வடமொழியில் ‘நரேந்திர’ என்னும் சொல் பணிந்த அரசர்களையும் பணியவைத்த அரசனையும் குறித்துச் சிலேடையாக ஆடுகிறது. வெண்பாவில் அது ‘நரேந்திரப் போத்தரையன்’ என்று இயற்பெயர் போல உறைந்துவிட்டது. வல்லத்து அரெசரு இங்கே இல்லை. தமிழ் அரையன் இருக்கிறான்.

இந்த வெண்பா மகேந்திரன் காலத்ததே எனில், துப்ரேயின் முதற்படிக்கு எதிராக அவன் சொந்தக் குடைவரையே சான்று சொல்கிறது. ஆனால் ‘போத்தரையர்’ வடிவம் தெள்ளாறெறிந்த நந்திப்போத்தரையர் போன்ற பிற்கால வழக்குகளில்தான் மிகுதி. சிலேடை இயற்பெயரானதும், முன்பே கல்லில் இருந்த வடமொழியைப் பின்வந்தவன் படித்துப் பாடினான் என்ற எண்ணத்துக்கு இடம் தருகிறது. பிந்தியது என்றே கொண்டாலும் ஒன்று நிற்கிறது: உள்ளூர்ப் புலவனுக்கு இம்மன்னன் தொண்டை மரபினன், அயலான் அல்லன்.

இங்கே இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஒரு முறைமையைக் கற்கலாம். கார்ன்வாலின் கார்னிஷ் மொழி பேச்சில் அருகி மறைந்தது. 1777இல் இறந்த டாலி பென்ட்ரீத் அதன் கடைசிப் பேச்சாளர்களுள் ஒருவராக நினைக்கப்படுகிறார். 1904இல் ஹென்றி ஜென்னர் எழுதிய கைநூலோடு மீட்பு தொடங்கியது. பழைய ஏடுகளில் கிடைக்காத சொற்களை ராபர்ட் மார்ட்டன் நான்ஸ் உறவுமொழிகளான பிரெத்தோன், வேல்சிலிருந்து வருவித்தார். ஆனால் 1938 அகராதியில் அவற்றுக்கு உடுக்குறி இட்டார். ஏட்டில் உள்ளது எது, உறவுமொழியைக் கொண்டு ஊகித்தது எது என்பது படிப்பவருக்குத் தெரிந்தது.

நாமோ பல்லாவரத்திலும் திருச்சி மலைக்கோட்டையிலும் விளங்காமல் நிற்கும் பட்டங்களை உறவுமொழியான தெலுங்கைக் கொண்டு விளக்கிவிட்டு, அந்த விளக்கத்தையே வரலாற்றுச் சான்றாக மாற்றினோம். உடுக்குறி இடவில்லை. உறவு வேறு, பிறப்பிடம் வேறு. ஒரு சொல் தெலுங்கில் இன்று வாழ்வதால் ஏழாம் நூற்றாண்டில் அது தெலுங்குக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்று ஆகாது.

வெண்பாவின் காலத்தை இங்கே அறுதியிடவில்லை. வல்லத்து எழுத்தையும் தளவானூர்த் தமிழ் எழுத்தையும் புதிய மைப்படிகளில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பின்னரே அது கூடும். அதுவரை பட்டங்களைக் காட்டி மகேந்திரனின் இளமையை எழுதுவதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பட்டத்துக்கும் கல்லில் உள்ள வடிவம், அதன் புணர்ச்சி, உறவுமொழி விளக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே பதியும் பட்டியலே முதற்பணி.