க்ஷேம சமாசாரம்: வீட்டிலிருந்த தம்பதிகளின் செய்தி சென்ற வழி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில், ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலமாகிய மாகறலிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், பிள்ளைகள் பிழைப்பை நாடி வெளியூர் போனபின் வீட்டோடு தங்கிய கணவனும் மனைவியும், பசு கன்று ஈன்றது, ஏரி கோடி போயிற்று, கோடி வீட்டுக் கிழவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்னும் அன்றாடச் சமாசாரங்களை எவ்விதம் சொல்லி அனுப்பினார்கள் என்னும் விஷயம், அரசர்களின் மெய்க்கீர்த்திகளிலே மனம் தோய்ந்த சரித்திரக்காரர்களுக்கு அற்பமாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் வீட்டுச் செய்தியில் சரிபாதி மனைவியுடையது என்பதையும், அந்தப் பாதி பிறர் வாயிலும் பிறர் கையிலும் புகுந்தே நெடுங்காலம் வெளியேறிற்று என்பதையும் நோக்குமிடத்து, இதில் ஆராயத்தக்க வரலாறு ஒன்று உண்டென்றே கருதுகிறேன்.

தொல்காப்பியர் கற்பியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று பேசும் வாயில்களாகத் தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர் முதலிய பன்னிருவரை அடுக்குகிறார். இருவர் நடத்தும் இல்லறத்திற்குப் பன்னிரண்டு தூதர் வேண்டியிருந்தனர் என்பதை இலக்கிய மரபு என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடலாகாது. சிலப்பதிகாரத்திலே தன் கைப்படக் கடிதம் எழுதுகிறவள் மாதவி. கண்ணகி எழுதியதாக இளங்கோவடிகள் எங்கும் சொல்லவில்லை. ஆடல் மகளிருக்குக் கல்வியும் குலஸ்திரீகளுக்கு அது மறுக்கப்படுதலும் பெரும்பாலும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டு வரை நீடித்த வழக்கமாதலால் இதில் வியப்பில்லை. வியப்புக்குரியது வேறொன்று: கோசிகன் கொண்டுவந்த மாதவியின் இரண்டாம் ஓலையைப் படித்த கோவலன், அதன் வாசகம் தன் தாய் தந்தையருக்கு எழுதியது போலவும் பொருந்துவது கண்டு, அதையே அவர்களிடம் காட்டும்படி திருப்பியனுப்பினான். காதலி காதலனுக்கு எழுதியது மாமன் மாமி கைக்குப் போவதில் காவியம் ஒரு கூச்சமும் காணவில்லை.

வீட்டுச் செய்தி வெளியேறிய விதத்தைக் கல்வெட்டுக்களில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். மாகறலுக்கு அணித்தான உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டுக்குரிய சாசனம், குடவோலைக்குத் தகுதியுடையவன் தன் சொந்த மனையிலே வீடு எடுத்துக்கொண்டிருப்பவனாகவும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயதினனாகவும் இருத்தல் வேண்டுமென்று விதிக்கிறது. வீடு அங்கே ஒரு தகுதி; அதனுள் நடந்தது அல்ல.

உண்மையான மாறுதல் தபாலினால் வந்தது. 1854ஆம் ஆண்டு முதல், கால் தோலா நிறையுள்ள கடிதம் அரையணாவிற்குத் தேசத்தின் எந்த மூலைக்கும் போகலாயிற்று. 1879ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலணாக் கார்டு பிறந்தது. கணவன் மனைவியாகிய பிரதாப முதலியாரையும் ஞானாம்பாளையும் நடுவில் வைத்து வேதநாயகம் பிள்ளை எழுதிய தமிழின் முதல் நாவல் அச்சேறியதும் அதே ஆண்டில்தான். இது வெறும் தற்செயலே, எனினும் இல்லறம் உரைநடைக்குள் நுழைந்த காலத்தை நினைவில் இருத்திக்கொள்ள வசதியாயிருக்கிறது. மறு ஆண்டு மணியார்டர் முறை ஏற்பட்டது. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட முதற் கப்பலைத் தொடர்ந்து, பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஏழைக் குடியானவர்கள் கடல் கடந்தும், சென்னைப் பட்டணத்தின் ஆலைகளுக்கும் போகத் தொடங்கியிருந்த காலம் அது.

கார்டின் சமாசாரத்தைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். தலைப்பில் பிள்ளையார் சுழி. பின்னர், இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்திற்கு எழுதவும் என்னும் வாய்பாடு. அதன்பின் மழை, விளைச்சல், கடன், கச்சேரி விவகாரம். இவையெல்லாம் தகப்பனார் திண்ணையிலமர்ந்து எழுதுவது, அல்லது எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதுவிப்பது. தாயார் நிலைப்படியருகே நின்றபடி, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லுங்கள், வடு மாங்காய் போட்டிருக்கிறேன், யார் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே போவாள். இடம் தீர்ந்த கார்டின் ஓரத்தில், தலைகீழாகத் திருப்பி எழுதிய ஒற்றை வரியில், உன் தாயார் ஆசீர்வாதம் சொல்லுகிறாள் என்று அவ்வளவும் சுருங்கிவிடும். அவள் பேசியது அரை நாழிகை. போய்ச் சேர்ந்தது நான்கு சொற்கள். கடிதத்தைவிட, அதைச் சுருக்கி எழுதியவரையே முதலில் ஆராய வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தூரதேசத்திலிருக்கும் புருஷனுக்கு மனைவி எழுதுவிப்பதானால் சங்கடம் இன்னும் ஒரு படி கூடும். புருஷன் பெயரை வாயால் சொல்லலாகாது என்னும் சம்பிரதாயத்தால், விலாசம் எழுதுகிறவர் கேட்கும்போது அவள் சுவாமியின் பெயரையோ, திருவிழாவையோ குறிப்பாகச் சொல்லி அவரையே ஊகித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். அவ்வாறு சென்ற கார்டை அங்கேயும் யாரோ ஒருவர் உரக்கப் படிப்பார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் சுபச் செய்தி. கறுப்பு மை தீட்டியிருந்தால் சாவு, வாசற்படிக்கு வெளியிலேயே படித்துக் கிழித்தெறிய வேண்டியது. ஆகவே படிக்கத் தெரியாதவருக்கும் கார்டு பாதி விளங்கிவிடும், தெருவுக்கும் விளங்கிவிடும். இதனிடையே, மணியார்டர் பணம் பெற்றதற்கு அத்தாட்சியாக அனுப்பியவருக்கே திரும்பிச் செல்லும் சீட்டில் தாய் வைத்த கைநாட்டு ஒன்றுதான், இடையில் எவரும் திருத்தாமல் அவள் கையிலிருந்து பிள்ளை கைக்குப் போன குறி.

படித்த வகுப்பாரின் நிலையும் மிக உயர்ந்ததாக இல்லை. காசியிலிருந்த பாரதியார் 1901ஆம் ஆண்டு செல்லம்மாவுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கணவரைப் பற்றிய கவலை தோன்ற மனைவி எழுதியதற்கு விடையாக, கவலைப்படும் நேரத்தில் தமிழ் படிக்கும்படி அவர் அதில் கூறுகிறார். நமக்குக் கிடைத்திருப்பது விடையே. செல்லம்மா என்ன எழுதினார் என்பதை அவ்விடையிலிருந்து உய்த்துணர வேண்டியிருக்கிறது. செல்லம்மா தாமே அவ்வீட்டின் கதையைப் பின்னாளில் எடுத்துரைத்தார். ஆனால் அப்போது கணவர் மறைந்து ஆண்டுகள் பல சென்றிருந்தன.

சுதந்திரத்திற்குப் பின், 1950 அக்டோபர் 2ஆம் நாள், மடித்து ஒட்டும் நீல நிற இன்லாண்டு லெட்டர் வந்தது. குறைந்த செலவில் அந்தரங்கம் என்பது ஏழைத் தம்பதிகளுக்கு எட்டியது இதனாலேயே எனலாம். ஆனால் 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நாட்டுப் பெண்டிரில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பதின்மருக்கும் குறைவு. உறை ஒட்டியிருந்தும் உள்ளே எழுதியவர் அடுத்த வீட்டுப் பள்ளிப்பிள்ளையாக இருந்தால் அந்தரங்கம் எங்கே நிற்கும்? 1990களில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தைக் கொண்டுவந்தபோது, எஸ்.டி.டி. பூத்துகள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன. எழுதக் கற்றவளுக்குக் கடிதம் எழுதும் அவசியம் குறைந்துபோயிற்று. மீட்டர் ஓடும் அச்சத்தில் அவசரமாகப் பேசிய அப்பேச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாவையன்றி வேறொன்றையும் கொண்டுவராது என்று கிராமத்தார் அஞ்சிய தந்தி 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பும் வசதி ஏற்பட்டது.

இன்று ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் பிள்ளைக்கு வரும் குரற்செய்தியைக் கேட்டால், முறை தலைகீழாயிருப்பது புலப்படும். பேசுகிறவள் தாய். நெல் போட்ட கதையை அவள் சொல்லி வருகையில், "பதினெட்டு மூட்டைடி, பதினாறு இல்ல" என்று கூடத்திலிருந்து தகப்பனார் குரல் இடையே புகுந்து ஓய்கிறது. இப்போது ஓரத்து வரி அவருடையது. குடும்பக் குழுவில் அச்செய்தியை மருமகளும் மைத்துனரும் ஒருங்கே கேட்கிறார்களாதலால், பன்னிரு வாயில்களும் போய்விட்டன என்று சொல்வதற்கில்லை. முழங்கால் வலியைத் தாய் இன்னமும் சொல்வதில்லை, பக்கத்து வீட்டுக்காரி தனியே சொல்லித்தான் பிள்ளைக்குத் தெரிகிறது.

சான்றுகளை நாடுவோர்க்கு ஒரு குறிப்பு. பழைய கார்டுகள், கம்பியில் குத்தித் தொங்கவிடப்பட்டுத் தபால் முத்திரையின் தேதியோடு பல வீடுகளின் உள்ளறையில் கிடைக்கின்றன. குரற்செய்திகளோ, போன் பழுதானாலும் மாற்றினாலும் பெரும்பாலும் அதனோடு போய்விடுகின்றன. ஆகையால் இவ்வட்டாரத்தில் இல்லற வாழ்வை ஆராயப் புகுவோர், கம்பிக் கடிதங்களைத் தொகுப்பதற்கு முன்னரே, அந்த ஓரத்து வரிகளில் அடங்காமற்போனது எதுவென்று உயிரோடிருக்கும் முதிய தாய்மாரை நேரிற் கேட்டு எழுதிக்கொள்வது நலம்.