தலை ஒருவருக்கு, கை ஒருவருக்கா?

வேலம்பாளையத்தை உள்ளடக்கிய திருப்பூர் வட்டாரத்து ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில், தையல் வரிசையருகே ஒருவர் நிற்பதைக் காணலாம். கையிலே ஸ்டாப்வாட்ச். கழுத்துப்பட்டி தைக்க இத்தனை நொடி, கை மடிக்க இத்தனை நொடி என்று குறிக்கிறார். பின்னர் பலகையிலே, மணிக்கு இத்தனை பீஸ் என்ற கட்டளை ஏறுகிறது. “இது விஞ்ஞான முறை” என்கின்றனர். விஞ்ஞானம் என்ற சொல் கேட்டதும் தலைவணங்குவதா, ஆராய்வதா? பகுத்தறிவு நமக்குக் கற்பித்தது இரண்டாவதையே.

இம்முறையின் தந்தை அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர். ‘விஞ்ஞான நிர்வாகக் கோட்பாடுகள்’ என்ற அவர் நூல் 1911-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 12.5 டன் வார்ப்பிரும்பு சுமந்த தொழிலாளியை 47 டன் சுமக்க வைத்த கதையை அதில் பெருமையுடன் கூறினார். கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்று. சுமை நான்கு மடங்கை நெருங்கியது. கூலி இருமடங்கைக்கூட எட்டவில்லை! அவ்வேலைக்குத் தக்கவன் எருதையொத்த மந்த அறிவினன் என்றும் எழுதினார்.

சிந்திப்பது நிர்வாகம், செய்வது தொழிலாளி. இக்குரலை முன்பே கேட்டிருக்கிறோமல்லவா, தோழர்களே? முகத்திலே பிறந்தவன் ஓதவும் காலிலே பிறந்தவன் உழைக்கவும் வகுத்த மனுநீதியின் மறுபதிப்பன்றோ இது! மனு பிறப்பைக் காட்டினான். டெய்லர் கடிகாரத்தைக் காட்டினார்.

தன்மானமுள்ள தொழிலாளர் அன்றே எதிர்த்தனர். 1911 ஆகஸ்டில், அமெரிக்க அரசின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் கடிகாரம் நுழைந்ததும் வார்ப்படத் தொழிலாளர் வெளிநடப்புச் செய்தனர். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. டெய்லரும் சாட்சி கூறினார். 1915-இல், படைக்கலச் சாலைகளில் அக்கடிகாரத்துக்குப் பணம் செலவிடக்கூடாதென்று நாடாளுமன்றம் தடுத்தது.

மாற்று வழி இல்லையா? உண்டு, நம் நாட்டிலேயே உண்டு. அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தன. வேலையும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1953-இல், இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்து ஏ. கே. ரைஸ், ஒரு தறித்தொகுதியை ஒரு குழுவிடம் முழுதாக ஒப்படைக்கலாம் என்றார். நெசவாளர் அதைத் தமதாக்கிக்கொண்டு, குழுக்களைத் தாமே அமைத்தனர். உற்பத்தி உயர்ந்தது, துணிச்சேதம் குறைந்தது. எருது என்றாரே, அந்த எருதா இதைச் சாதித்தது?

திருப்பூர்த் தொழிலாளியும் தலைகுனிந்தே வாழ்ந்தவரல்லர். 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. இன்றோ, மேற்பார்வையாளரின் அதட்டல் பொறாத தையற்காரர் பலர், ‘பவர் டேபிள்’ ஒப்பந்தக்காரரிடம் பீஸ் ரேட்டுக்குச் செல்கின்றனர். விரும்பிய நாள் வரலாம், விரும்பாத நாள் நிற்கலாம் என்பது அவர்கள் நாடும் விடுதலை. ஆனால், வருங்கால வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் அங்கே பெரும்பாலும் கிட்டுவதில்லை. ஆர்டர் நின்றால் அடுப்பும் நிற்கும். பாதுகாப்பு வேண்டுமா, மூளையை வாயிலில் வைத்துவிட்டு வா. சுதந்திரம் வேண்டுமா, பாதுகாப்பைத் துற! இதுவா தேர்வு?

அளப்பதை நாம் எதிர்க்கவில்லை. அளப்பது வெளிப்படையாக நடக்கட்டும். சங்கத்தின் பிரதிநிதியும் கடிகாரம் பிடிக்கட்டும். நூல் அறுந்த நேரமும், களைத்த கை ஓய்ந்த நேரமும் கணக்கில் ஏறட்டும். பட்டம் பெற்று அந்த வரிசைகளை அளக்கச் செல்லும் இளைஞனே! உன்னைப் படிக்க வைத்தது அத்தகைய வரிசையில் தைத்த கையாகவும் இருக்கலாம். நொடியை எண்ணுமுன் அந்தக் கையை உடையவரிடம் ஒரு வார்த்தை கேள். வேலையை அவர் அறிவார்.